குவாத்தமாலா கஞ்சி ஆய்வு: எந்த வயதில் பலன்?

கேள்வி: 1969 முதல் 1977 வரை குவாத்தமாலாவின் நான்கு கிராமங்களில் தாய்மார்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் சத்துப்பானம் வழங்கிய ஆய்வில், எந்த வயதில் கொடுத்தது பயன்பட்டது என்று யாரேனும் விளக்குவீர்களா?

பதில் 1: இரண்டு கிராமங்களில் பால்மாவு சேர்ந்த புரதக் கஞ்சியான அத்தோலேயும், மற்ற இரண்டில் புரதமில்லாத இனிப்புப் பானமும் கொடுத்து ஒப்பிட்டதில், மூன்று வயதுக்குள் கஞ்சி குடித்த குழந்தைகளே உயரத்தில் முந்தினர், அதற்குப் பின் கொடுத்ததால் உயரம் கூடவில்லை.

பதில் 2: உயரத்தோடு நிறுத்திவிட வேண்டாம். இரண்டு வயதுக்குள் கஞ்சி பெற்ற ஆண்கள், வளர்ந்தபின் மணிக்கு 46 விழுக்காடு கூடுதலாக ஈட்டினர் என்று 2008இல் லான்செட் இதழ் வெளியிட்டது. பெண்களின் வருமானத்தில் அத்தகைய தெளிவான உயர்வு காணப்படவில்லை. தலைப்புச் செய்திகள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

பதில் 3: நான்கே கிராமங்கள் என்பதால், கிராமங்களுக்கு இடையிலான பிற வேறுபாடுகளையும் கருத வேண்டும்.