மறு: வெளியேற்று ஆற்றலா, வேலைச்சார்பா?

அன்புள்ள குழுவினருக்கு,

உலோகத்திலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலுக்கு (work function) தமிழ்நாட்டுப் பாடநூலில் 'வெளியேற்று ஆற்றல்', இலங்கையில் 'வேலைச்சார்பு'. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று எழுதியிருந்தீர்கள். வேலைச்சார்பை விட்டுவிடலாம் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. சார்பு என்றதும் கணக்கு படித்தவர் ஒரு மாறியையும் அதைப் பொறுத்து மாறும் இன்னொன்றையும் தேடுவார். இங்கே இருப்பது எலக்ட்ரான் வோல்ட்டில் அளக்கும் ஓர் ஆற்றல் அளவு மட்டுமே.

வெளியேற்று ஆற்றலில் உள்ள சிக்கல் வேறு. அது வினைத்தொகை. வெளியேற்றும் ஆற்றலா, வெளியேற்றிய ஆற்றலா என்பது சொல்லிலிருந்து தெரியாது. எலக்ட்ரான் வெளியே கொண்டுவரும் இயக்க ஆற்றல்தான் இது என்று புரிந்துகொள்ள இடமிருக்கிறது; உண்மை அதற்கு நேரெதிர். 436 நானோமீட்டர் நீல ஒளியில் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் 2.84 எலக்ட்ரான் வோல்ட். சீசியத்திலிருந்து கிளம்பும் எலக்ட்ரான் அதில் சுமார் 2.1-ஐப் பரப்பிலேயே கட்டிவிட்டுத்தான் வெளியே வரும். கையில் மிஞ்சுவது அதிகபட்சம் 0.7 சொச்சம். நாம் பெயர் தேடுவது அந்த 2.1-க்கு.

இந்த மடல் இழையில் இன்னொருவர் சொன்ன 'ஒளிவிடு ஆற்றல்' வேண்டாம். உலோகத்தைச் சூடாக்கி எலக்ட்ரானை வெளியேற்றும்போதும், அந்த மின்னோட்டத்தைக் கணக்கிடும் ரிச்சர்ட்சன் சமன்பாட்டில் இதே அளவுதான் வருகிறது. ஒளி அங்கே இல்லவே இல்லை.

என் முன்மொழிவு: தாண்டாற்றல்.

——

> என் முன்மொழிவு: தாண்டாற்றல்.

ஐயா, தாண்டு + ஆற்றல் என்று நீங்கள் சேர்த்ததை, தாண்டா + ஆற்றல் என்று படிப்பவர் பிரித்தால்? ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ஆகி, பொருள் தலைகீழாகிவிடும். வினைத்தொகையில் குறை கண்ட கையோடு இதைக் கொண்டுவரலாமா!

அதைவிட முக்கியமானது: எதைத் தாண்டுவது என்று சொல்லில் இல்லை. ஒளி பட்டு எலக்ட்ரான் வெளிவருவதை விளக்கிய 1905 கட்டுரையில் ஐன்ஸ்டைன், எலக்ட்ரான் பொருளை விட்டு வெளியேறும்போது செய்யவேண்டிய, அப்பொருளுக்கே உரிய வேலை என்று எழுதினார். பரப்பை ஒட்டி இருந்து செங்குத்தாக வெளிவரும் எலக்ட்ரானுக்கே பெரும வேகம் என்றும் அதிலேயே இருக்கிறது. பொருளுக்கு உரியது என்பது மட்டும் போதாது என்று பின்னால் தெரிந்தது. தாமிரப் படிகத்தை ஒரு முகத்தில் வெட்டினால் ஏறத்தாழ 4.5, இன்னொரு முகத்தில் 4.9 எலக்ட்ரான் வோல்ட். உலோகம் ஒன்றுதான், பரப்புதான் வேறு. ஆக்சைடு படிந்தாலோ வளிம மூலக்கூறுகள் ஒட்டினாலோ மதிப்பு மறுபடி மாறும். இயற்பியலாளர் மில்லிக்கன் சோடியம், பொட்டாசியம், லித்தியம் துண்டுகளை வெற்றிடக் குழாய்க்குள்ளேயே கத்தியால் சீவிப் புதுப்பரப்பு எடுத்து அளந்தது இதனால்தான்.

'பரப்பு' இல்லாத சொல் ஆய்வகத்திலும் வழிதவற வைக்கும். பாதரச விளக்கின் 365, 405, 436, 546 நானோமீட்டர் வரிகளை வடிகட்டியால் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நிறுத்து மின்னழுத்தம் (எலக்ட்ரான் ஓட்டத்தை முழுக்க நிறுத்தும் எதிர் மின்னழுத்தம்) கண்டு, அதிர்வெண்ணுக்கு எதிராக வரைபடம் போடுகிறோம். சாய்வு சரியாக வரும்: 365-க்கும் 546-க்கும் இடையே சுமார் 1.13 வோல்ட் வித்தியாசம், அதிலிருந்து பிளாங்க் மாறிலி கிடைத்துவிடும். பிறகு கோட்டைக் கீழே நீட்டி, செங்குத்து அச்சில் வெட்டும் இடத்தை, ஒளி படும் தகடான கேத்தோடின் வெளியேற்று ஆற்றல் என்று எழுதுகிறார்கள். அது கேத்தோடுடையது அல்ல, எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் ஆனோடுடையது.

காரணம், வோல்ட்மீட்டர் காட்டுவது இரண்டு உலோகங்களின் பெர்மி மட்டங்களுக்கு (உலோகத்தில் எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் ஆற்றலின் மேல் எல்லை) இடையேயான வித்தியாசத்தை. பரப்புகள் வேறானால், அவற்றின் வெளியேற்று ஆற்றல்களின் வித்தியாசத்தால் எழும் தொடு மின்னழுத்தமும் சேரும். கணக்குப் போட்டால் கேத்தோடின் மதிப்பு இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய், ஃபோட்டான் ஆற்றலிலிருந்து ஆனோடின் மதிப்பைக் கழித்தது மட்டும் நிற்கும். மேலே சொன்ன சீசியத்துக்கு எதிரே 4.5 உள்ள ஆனோடை வைத்தால், நீல ஒளியில் நிறுத்து மின்னழுத்தம் எதிர்க்குறியில் வரும். 1.66 வோல்ட் முன்னோக்கிக் கொடுத்தால்தான் மின்னோட்டமே தொடங்கும்.

பல குழாய்களில் இது வெளியே தெரிவதில்லை. கேத்தோடிலிருந்து ஆவியான கார உலோகம் ஆனோடிலும் படிந்து, இரண்டு பரப்பும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. அதற்கு விலையும் உண்டு: சிதறிய ஒளி பட்டு ஆனோடும் எலக்ட்ரான் உமிழும், எதிர்மின்னோட்டம் வரும், மின்னோட்டம் சுழியாகும் புள்ளி உண்மையான நிறுத்து மின்னழுத்தத்துக்குக் கீழே இறங்கிவிடும். பொட்டாசியக் குழாயில் பிளாட்டினம் ஆனோடு வளையத்தைச் சூடாக்குவது, படிந்ததை விரட்டத்தான்.

ஆகவே 'பரப்புக் கடப்பாற்றல்'. எந்தப் பரப்பு என்று படிப்பவர் கேட்டே ஆகவேண்டும்.

——

> ஆகவே 'பரப்புக் கடப்பாற்றல்'.

வகுப்பில் கடப்பாறை என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தாண்டாற்றலைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒரு திருத்தம் மட்டும். பரப்பைக் கடந்தபின் எவ்வளவு தூரம் என்பதையும் வரையறையில் வைக்கவேண்டும். முடிவிலாத் தொலைவு என்று எழுதினால் பக்கத்துப் படிக முகத்தின் புலமும் கணக்கில் வந்துவிடும். பரப்புக்குச் சற்று வெளியே, அணுவளவோடு ஒப்பிட்டால் தொலைவு, படிகத்தின் அளவோடு ஒப்பிட்டால் அருகு. அந்த இடத்தில் எலக்ட்ரான் நிலையாக நிற்பதாகக் கொள்ளவேண்டும்.

சொற்பட்டியலுக்கு இப்படி எழுதுகிறேன்: "பரப்புக் கடப்பாற்றல்: உலோகத்தின் பெர்மி மட்டத்திலுள்ள ஓர் எலக்ட்ரானைக் குறிப்பிட்ட பரப்பின் வழியே, அப்பரப்புக்குச் சற்று வெளியே இயக்க ஆற்றலின்றி நிறுத்தத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்." அடைப்பில் வெளியேற்று ஆற்றல், வேலைச்சார்பு இரண்டையும் தருவோம், தேர்வு எழுதுபவருக்கு அவை வேண்டும். நிறுத்து மின்னழுத்தத்தில் கைவைக்க வேண்டாம், அது சரியாகவே இருக்கிறது. அடுத்து எடுக்கவேண்டியது தொடு மின்னழுத்தம்; 'தொடுகை' என்று மாற்றலாமா என்று யாராவது தொடங்குங்கள்.