ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜினுக்கு எந்த பெட்ரோல்? இ20 ஊற்றலாமா?

தேவகோட்டைவாசி கேட்கிறார்:
தொண்டியில் மைத்துனரோடு பங்கு சேர்ந்து ஒரு ஃபைபர் வல்லம் வைத்திருக்கிறேன். நண்டு வலைக்குப் போய்வருகிறது. இதுவரை ஓடியது மண்ணெண்ணெய் இன்ஜின், டூ ஸ்ட்ரோக். இப்போது 9.9 குதிரைத்திறனில், படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு வகையில், புதிய ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கியிருக்கிறோம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் உள்ளது. இன்னும் தண்ணீரில் இறக்கவில்லை.

கையேட்டில் ஆக்டேன் 87 என்றும், எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றும் இருக்கிறது. பெட்ரோல் பங்கில் கிடைப்பதோ 91 அல்லது அதற்கு மேல், அதுவும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. விலை கூடிய பெட்ரோல் ஊற்று என்கிறார் ஒருவர். பழையபடி ஆயில் கலந்துவிடு என்கிறார் கரையில் ஒரு பெரியவர். பாதி மண்ணெண்ணெய் சேர்த்தால் செலவு குறையும் என்பது மைத்துனரின் கணக்கு. எதைக் கேட்பது?

தொண்டி மெக்கானிக்:
தம்பி, பெட்ரோலில் ஆயில் கலக்கவே வேண்டாம். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு போகும் ஆயில்தான் உள்ளே மசகு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயிலுக்குத் தனி இடம் உண்டு, குச்சியை எடுத்து அளவு பார்த்து ஊற்றுவீர்கள். கலந்து ஊற்றினால் பிளக் கறுக்கும், புகை வரும், வேறு பயன் இல்லை.

மண்ணெண்ணெய் அதைவிடக் கெடுதல். அது முழுதாக எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி இன்ஜின் ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். ஆக்டேனும் குறைவதால் இன்ஜின் தட்டும், அதாவது உள்ளே எரிபொருள் தாறுமாறாக வெடித்துச் சத்தம் வரும். மைத்துனரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். மிச்சமாகும் காசு பேரிங்குக்கே காணாது.

காரைக்குடி வேதியியல் ஆசிரியை:
87, 91 குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். அமெரிக்கப் பங்குகளில் இரண்டு சோதனைகளின் சராசரியைப் போடுகிறார்கள். நம் ஊரில் ஆர்.ஓ.என். என்ற ஒரே சோதனையின் எண்ணைப் போடுகிறோம். அங்கே 87 என்பது இங்கே ஏறக்குறைய 91. ஆகவே சாதாரண பெட்ரோலே ஆக்டேனுக்குப் போதும். அதைவிடக் கூடிய எண் ஊற்றுவதால் சிறிய இன்ஜினுக்கு வேகம் கூடாது. விலை கூடிய பெட்ரோல் என்பதாலேயே அதில் எத்தனால் இல்லை என்றும் ஆகிவிடாது.

உங்கள் கவலை எத்தனாலைப் பற்றியதாக இருக்க வேண்டும். எத்தனால் தன்னுள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டது. கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சிறு துளைதான் ஜெட். 10 சதவீதத்துக்கு அளவெடுத்த ஜெட்டில் 20 சதவீதம் போனால் கலவை மெலிந்துவிடும், அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இருக்காது. புதிய கார்கள் சென்சார் வைத்து அதைச் சரிசெய்துகொள்ளும், கார்புரேட்டரால் முடியாது. அடுத்தது தண்ணீர். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஓர் அளவைத் தாண்டியதும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். உறிஞ்சு குழாயும் அடியில்தான் இருக்கிறது! பிரிந்த பெட்ரோலைக் குலுக்கினாலோ மருந்து ஊற்றினாலோ பழைய நிலைக்கு வராது.

பங்கில் சொல்வதை நீங்களே சரிபார்க்கலாம். அளவு குறித்த 100 மில்லி கண்ணாடிக் குடுவையில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி பெட்ரோல் ஊற்றி, மூடிக் குலுக்கி வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து இறங்கும். அடி அடுக்கு 18, 19 மில்லிக்கு வந்தால் இ10. 27, 28 வரை வந்தால் இ20. திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள்.

கோட்டைப்பட்டினம் படகுக்காரர்:
அப்படியென்றால் கேனிலேயே தண்ணீர் ஊற்றி எத்தனாலைப் பிரித்துவிட்டு, மேலே நிற்கும் பெட்ரோலை ஊற்றலாமே? எங்கள் பக்கம் சிலர் செய்கிறார்கள்.

காரைக்குடி வேதியியல் ஆசிரியை:
வேண்டாம் ஐயா. பங்கில் போடும் ஆக்டேன் எண் எத்தனாலையும் சேர்த்துக் கிடைத்தது. எத்தனாலை எடுத்துவிட்டால் மிஞ்சுவதன் ஆக்டேன் அதற்குக் கீழே போய்விடும். பாரத்தோடு கடலில் ஓடும்போது இன்ஜின் தட்டத் தொடங்கினால் பிஸ்டனுக்கே ஆபத்து. குடுவையில் சோதித்த பெட்ரோலையும் டேங்கில் திருப்பி ஊற்றாதீர்கள்.

தேவகோட்டைவாசி:
நன்றி அம்மா, அண்ணனுக்கும் நன்றி. இங்கே இரண்டு பங்கில் வாங்கிச் சோதித்தேன், இரண்டுமே 27ஐ ஒட்டி நின்றன. இ20 தவிர வேறு கிடைக்காவிட்டால் என்ன செய்வது? ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும்போது இன்ஜினையும் டேங்கையும் வீட்டு வளவில் கொண்டுவந்து வைப்பது எங்கள் வழக்கம். அதற்கும் வழி சொல்லுங்கள்.

தொண்டி மெக்கானிக்:
விற்றவரிடம் இந்த மாடலுக்கு இ20 ஏற்றதா, அதற்கென்று ஜெட் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். வாரண்டி உங்கள் கையில் இருக்க வேண்டும். ஜெட்டை நீங்களே துளை பெரிதாக்க வேண்டாம், நானும் செய்து தர மாட்டேன்.

அவர்கள் சம்மதித்து ஊற்றினால், இரண்டு மூன்று நாள் தொழிலுக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவே தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று போடுங்கள். மண்ணெண்ணெய்க்கு ஓடிய பழைய டேங்கையும் குழாயையும் இதற்கு மாட்டாதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பிசினை எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து ஜெட்டை அடைக்கும், பழைய ரப்பர் ஊதிப்போகும். கரையில் கட்டியிருக்கும்போது டேங்க் மூடியின் காற்றுத் திருகை மூடி வையுங்கள், ஓட்டுமுன் திறங்கள். விசையைக் கூட்டும்போது இன்ஜின் தடுமாறி, சோக்கை இழுத்தால் சரியானால் கலவை மெலிந்திருக்கிறது. பிளக்கின் பீங்கான் சுண்ணாம்பாக வெளுத்திருந்தாலும் அதேதான். உடனே வேகத்தைக் குறைத்துக் கரைக்கு வாருங்கள்.

மழைக்காலத்துக்குக் கழற்றும் முன், டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி இன்ஜினை ஓட்டி, உப்பு போனதும் பெட்ரோல் குழாயைப் பிடுங்கிவிடுங்கள். தானாக நிற்கும்வரை ஓடட்டும். பிறகு கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து மிச்சத்தையும் வடியுங்கள். இதைச் செய்யாத இன்ஜின்கள்தான் தை மாதம் வரிசையாக என் கடைக்கு வருகின்றன.

டேங்கை மட்டும் பெட்ரோலோடு வளவுக்குக் கொண்டுபோகவே கூடாது தம்பி. அதன் ஆவி காற்றைவிடக் கனம். முற்றப் பள்ளத்தில் தேங்கி நிற்கும், விளக்கு வைத்தால் போதும். மிச்ச பெட்ரோலை அந்த வாரமே இ20க்கு ஏற்ற பைக்கில் ஊற்றி ஓட்டித் தீர்த்துவிட்டு, காலி டேங்கை வெயிலில் காயவைத்து எடுத்துச் செல்லுங்கள்.

தேவகோட்டைவாசி:
விற்றவருக்கு இன்று கடிதம் எழுதிவிட்டேன். பதில் வரும்வரை இன்ஜினை இறக்கப்போவதில்லை. ஃபில்டரும் புதுக் குழாயும் வாங்க வெள்ளிக்கிழமை தொண்டி வருகிறேன் அண்ணே, கடையில் இருப்பீர்களா?

தொண்டி மெக்கானிக்:
மாலை 4 மணிக்கு மேல் வாருங்கள். பழைய குழாயின் முனையைக் கொண்டுவந்தால் அளவு பார்த்துக்கொள்ளலாம்.