நெட்டை ஏன் செக் செய்தான்?

குழு: நம் வீடு (6 பேர்)

காலை 9:12

அக்கா: டேய், எழுந்தாயா இல்லையா? நேற்று உன் சிநேகிதர்கள் நெட்டை, கண்ணாடி இருவரோடும் போக்கர் ஆடப் போனாய். 9 மணிக்கு "உட்கார்ந்துவிட்டோம்" என்று ஒரு வரி. அதற்கப்புறம் ஆளே இல்லை.

அம்மா: 3 மணிக்குக் கதவுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறான்.

நான்: அம்மா, அதை இங்கே போட்டே ஆக வேண்டுமா?

அத்தான்: மாப்பிள்ளை, முதலில் கணக்கைச் சொல்லுங்கள்.

நான்: 200 சிப்போடு (பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லை) உட்கார்ந்தேன், 240 சிப்போடு எழுந்தேன்.

அக்கா: ஐந்து மணி நேரத்துக்கு 40 சிப்பா!

நான்: கண்ணாடியைக் கேள். 200 வாங்கினான், போயிற்று. இன்னொரு 200 வாங்கினான், அதுவும் போயிற்று. நெட்டைதான் நல்ல லாபம்.

அம்மா: தருமரும் முதலில் 40 லாபம் பார்த்திருப்பார்.

தங்கச்சி: அம்மா ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்கா: சிரிக்காதே. எல்லை இல்லாத ஆட்டம் என்கிறானே. வெறியில் வீட்டை வைத்துவிட்டால்?

நான்: எல்லை இல்லை என்றால், நம் முன்னால் இருக்கும் சிப் முழுவதையும் எந்த நேரத்திலும் தள்ளலாம் என்று அர்த்தம். மேசைமேல் இருப்பது மட்டும்தான். ஒரு கை (சுற்று) நடக்கும்போது பர்ஸை எடுத்து நீட்ட முடியாது. சிப் போதாதவர் இருப்பதை வைத்துவிட்டு, அந்த அளவுக்கு மட்டும் போட்டியில் இருப்பார். மிச்சப் பணத்துக்கு மற்றவர்கள் தனியாக மோதிக்கொள்ளலாம்.

சித்தப்பா: இந்தச் சட்டம் அஸ்தினாபுரத்தில் இருந்திருந்தால் தம்பிமார் நால்வரும் தப்பியிருப்பார்கள்.

அம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தான்: கண்ணாடி எப்படித் தோற்றார்? அவர்தானே உங்களுக்கே சொல்லிக்கொடுத்தவர்?

நான்: அதுதான் வேடிக்கை. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைத்துக் கொடுப்பார்கள். அவனுக்கு இரண்டு ராஜா வந்தது. பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் போட வேண்டிய பணம், 1, 2. இவன் ஸ்டைலாக ஒரே ஒரு 25 சிப்பைத் தூக்கிப் போட்டான், வாயைத் திறக்கவில்லை. சீட்டுப் போடும் டீலர் 23-ஐத் திருப்பித் தந்துவிட்டார்.

அக்கா: ஏன்?

நான்: ஒற்றைப் பெரிய சிப்பைச் சொல்லாமல் போட்டால் அது கால் மட்டும்தான், அதாவது இருக்கும் பந்தயத்துக்குச் சமமாகப் போட்ட கணக்கு. பந்தயத்தை ஏற்ற "ரெய்ஸ்" என்று முதலில் சொல்லியிருக்க வேண்டும். வாயால் சொன்னதும் அங்கே செல்லும், பின்வாங்க முடியாது. வீட்டில் எப்படிப் போட்டாலும் சரி என்று ஆடிப் பழகியவன். அவனுடைய ராஜாக்களைப் பார்க்க மலிவு விலையில் ஐந்து பேர் உள்ளே வந்தார்கள். ஃப்ளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக மேசையில் திறக்கும் முதல் மூன்று சீட்டில், ஏஸ் விழுந்தது. முடிந்தது கதை.

தங்கச்சி: அண்ணா, உங்களுக்கு ஏஸ் ஜோடி வந்ததா?

நான்: ஒரு தடவை கூட இல்லை. அதிர்ஷ்டமே இல்லை.

தங்கச்சி: அதிர்ஷ்டத்தைத் திட்டாதீர்கள். 52 சீட்டில் இரண்டு சீட்டுக் கை 1326 விதம். அதில் ஏஸ் ஜோடி 6. ஆக 221 கைக்கு ஒன்று. எத்தனை கை ஆடினீர்கள்?

நான்: மணிக்கு 28 வைத்தால், 140 இருக்கும்.

தங்கச்சி: அப்படியானால் வராமல் போகத்தான் வாய்ப்புக் கொஞ்சம் அதிகம். 53 சதவீதம்.

சித்தப்பா: இவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

நான்: சித்தப்பா, ஒரு விஷயம் உங்களிடம்தான் கேட்க வேண்டும். ராத்திரி முழுக்க அதே நினைப்பு. நெட்டையோடு ஒரு கை.

சித்தப்பா: சொல். கண்ணாடி போட்டுக்கொள்கிறேன்.

நான்: என்னிடம் அப்போது 350 இருந்தது. இஸ்பேட் 9, ஆட்டின் 9. எனக்கு முன்னால் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் 10 போட்டார். நெட்டை கால். நானும் கால். பிளைண்ட் போட்ட இருவரும் சீட்டை விட்டு மடித்தார்கள். பாட், நடுவில் சேர்ந்த பணம், 33.

நான்: ஃப்ளாப்: டைமன் ராஜா, கிளாவர் 9, டைமன் 4.

சித்தப்பா: மூன்று 9! அடடா.

நான்: பெரியவர் மிச்சமிருந்த 60-ஐயும் தள்ளி ஆல்-இன். நெட்டை யோசித்துவிட்டுக் கால். இப்போது என் முறை.

சித்தப்பா: இதில் என்ன யோசனை? எல்லாவற்றையும் தள்ளு! மேசையில் இரண்டு டைமன் கிடக்கிறது. ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) தேடுகிறவன் அடுத்த சீட்டைப் பார்க்க விலை கொடுக்க வேண்டும்.

நான்: நான் கால் மட்டும் செய்தேன்.

சித்தப்பா: ஏன்டா?

நான்: நெட்டை சித்தப்பா. அவன் முன்னால் 400 இருந்தது. அவனிடமிருந்து பிடுங்கவா வந்தோம் என்று தோன்றியது. பெரியவர் பணம் போதும் என்று நினைத்தேன்.

அம்மா: நல்ல பிள்ளை. சிநேகிதன் பணம் நமக்கு எதற்கு?

நான்: பாட் 213. டர்ன், நான்காவது பொதுச் சீட்டு, இஸ்பேட் 7. அவன் செக், அதாவது பணம் போடாமல் விட்டான். நான் செக். ரிவர், கடைசிச் சீட்டு, டைமன் 2. மறுபடியும் அவன் செக், நானும் செக். காட்டினால் பெரியவரிடம் கிளாவரில் ஏஸ்-ராஜா. என்னிடம் மூன்று 9. நெட்டையிடம் டைமன் ராணி, டைமன் ஜாக்கி.

சித்தப்பா: ஃப்ளஷ். போச்சு.

தங்கச்சி: டர்ன் முடிந்தபோது உங்கள் மூவரின் சீட்டையும் சேர்த்துப் பார்த்தால் மீதி 42. அதில் டைமன் ஒன்பது சீட்டு இருக்கிறது, ஆனால் டைமன் 9 வந்தால் உங்களுக்கு நான்கு 9, டைமன் 7 வந்தால் ஃபுல் ஹவுஸ் (மூன்றும் ஒரு ஜோடியும்), இரண்டும் ஃப்ளஷை வெல்லும். அதனால் அவருக்கு உதவுவது ஏழு சீட்டு. வரிசை சேர இன்னும் மூன்று 10. மொத்தம் 10 சீட்டு. நான்கு தடவைக்கு ஒரு தடவை கூட இல்லை, அண்ணா. அதையும் இலவசமாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

நான்: ஃப்ளாப்பிலேயே நான் தள்ளியிருந்தால் மடித்திருப்பேன் என்று அவனே வரும்போது சொன்னான். கமிஷன் போக அந்த 213 எனக்கு வந்திருக்கும்.

அத்தான்: இருங்கள். ரிவரில் ஃப்ளஷ் கிடைத்த பிறகும் அவர் ஏன் செக் செய்தார்? முதலில் பேசுகிறவர் அவர்தானே. 100 போட்டிருந்தால்?

நான்: கட்டியிருப்பேன். அதுவும் அவனுக்குத் தெரியும். "உன் முகத்தைப் பார்த்ததும் நல்ல கை என்று தெரிந்தது, அதனால்தான் போடவில்லை" என்றான்.

அக்கா: ரொம்பத் தங்கமான பையன். நீ அவனைக் காப்பாற்ற, அவன் உன்னைக் காப்பாற்ற. சரியாகப் போயிற்று. இதில் ராத்திரி முழுக்க என்ன நினைப்பு?

நான்: டீலர் அவன் சீட்டைப் பார்த்தார், என் சீட்டைப் பார்த்தார். சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். அவர் எங்கள் இருவரிடமும் மெதுவாகத்தான் பேசினார். ஒவ்வொருவரும் தனக்காக மட்டும் ஆட வேண்டும், நண்பர்கள் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுத்து ஆடினால் அது கூட்டு ஆட்டம், இன்னொரு தடவை நடந்தால் எழுந்துவிடச் சொல்வோம் என்றார்.

அம்மா: திருடவா செய்தீர்கள்? இதற்கெல்லாம் மேலதிகாரியா?

அத்தான்: பெரியவருக்கு இதில் என்ன நஷ்டம்? அவர் எப்படியும் தோற்றிருப்பாரே.

நான்: நானும் அதையேதான் அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டே, "தம்பி, நான் இவ்வளவு நேரம் இரண்டு பேரோடு ஆடினேனா, ஒருவரோடு ஆடினேனா?" என்று கேட்டார்.

சித்தப்பா: ம்.

நான்: அப்புறம்தான் யோசித்துப் பார்த்தேன். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் அவருக்கு எதிராக மூன்று தடவை ரெய்ஸ் போட்டிருக்கிறேன். நெட்டைக்கு எதிராக ஒன்று கூட இல்லை. பேசிவைத்துச் செய்யவில்லை, தானாக நடந்தது. ஆனால் அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர் ஒரு பை, நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பை.

தங்கச்சி: அவர் பிளஃப் (நல்ல சீட்டு இல்லாமலே மிரட்டுவது) செய்தால் மாட்டிக்கொள்ள இரண்டு பேர். நீங்கள் செய்தால் ஒருவர்தான்.

நான்: அதேதான்.

சித்தப்பா: ரம்மியில் இதைச் சீட்டு இறக்கிக் கொடுப்பது என்போம். என் சகலையே ஒருமுறை எனக்கு வேண்டிய சீட்டைப் பார்த்துப் பார்த்து இறக்கினார். அன்றைக்கு ஜெயித்தேன். அதற்கப்புறம் எங்கள் இருவரையும் ஒரே ஆட்டத்தில் யாரும் சேர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்கா: இந்தக் கதையை இத்தனை வருஷமாகச் சொல்லவே இல்லையே?

சித்தப்பா: சொல்கிற கதையா அது?

அம்மா: அந்தப் பெரியவர் யாரோடு வந்திருந்தார்?

நான்: தனியாக.

அம்மா: தனியாகவா?

நான்: ஆமாம். அந்தக் கையோடு எழுந்து போய்விட்டார்.

காலை 10:04

அம்மா: அப்படியென்றால் நீங்கள் இருவரும் செய்தது தப்புதான்.

அக்கா: அம்மா கட்சி மாறிவிட்டார்கள்.

அம்மா: நீ சும்மா இரு. நெட்டை என்ன சொல்கிறான்?

நான்: உடனே வேறு மேசைக்கு மாறிக்கொண்டான். வரும்போது காரில் என் 70-ஐத் திருப்பித் தருகிறேன் என்றான். வாங்கவில்லை. காலையில் செய்தி அனுப்பியிருக்கிறான்: "அடுத்த தடவை ஒரே மேசை என்றால் கண்டிப்பாகப் போடுவேன். அழாதே."

அத்தான்: நீங்கள் என்ன பதில் போட்டீர்கள்?

நான்: "ஃப்ளாப்பிலேயே தள்ளிவிடுவேன், ரிவர் வரை வந்தால்தானே" என்று.

தங்கச்சி: முதலில் இங்கே பழகுங்கள். ஞாயிறு சாயங்காலம் எல்லோரும் இருக்கிறோம். நான் டீலர்.

அக்கா: நான் வருகிறேன், ஆனால் பணம் கிடையாது. அத்தானும் நானும் ஒரே மேசையில் உட்காரலாமா, இல்லை அதற்கும் சூப்பர்வைசர் வருவாரா?

அத்தான்: வீட்டில் என்றைக்கு உன்னை எதிர்த்து ரெய்ஸ் போட்டிருக்கிறேன்?

அம்மா: எனக்கும் சீட்டுப் போடு. அந்த மூன்று 9 மாதிரி வந்தால் முதலிலேயே தள்ள வேண்டும், அவ்வளவுதானே?

நான்: அவ்வளவேதான் அம்மா.

அக்கா: சித்தப்பா எங்கே? சத்தத்தைக் காணோம்.

சித்தப்பா: தீக்குச்சி எண்ணிக்கொண்டிருக்கிறேன். டீலர் போக ஐந்து பேர், ஆளுக்கு 200. இன்னும் பெட்டி வேண்டும்.