கோட்டாறு நாகர்கோவிலுக்குப் புறநகரா, நாகர்கோவில் கோட்டாற்றுக்குப் புறநகரா?

கம்பளத்து வீடு:
போன வாரம் வீட்டுமனை நோட்டீஸ் ஒண்ணு கையில் கிடைத்தது. "நாகர்கோவிலின் வளர்ந்துவரும் புறநகரான கோட்டாறுக்கு மிக அருகில்" என்று அச்சடித்திருந்தார்கள். படித்ததும் வயிறு எரிந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கப் புவியியலாளர் தாலமி ஆய் நாட்டைப் பற்றி எழுதும்போது "கோட்டியாரா" என்று ஒரு ஊரைச் சொல்லி, அதைப் பெருநகர் என்று தனியாகக் குறித்து வைத்திருக்கிறார். அது நம்ம கோட்டாறு. முதலாம் குலோத்துங்கன் இங்கே நிலைப்படை நிறுத்தினான். சோழன் காலத்துப் பெயர் மும்முடிச் சோழநல்லூர். 1544இல் சவேரியார் வந்து நின்றதும் இங்கேதான். அன்றைக்கு நாகர்கோவில் என்றால் நாகராஜா கோயிலும் அதைச் சுற்றிய சில தெருக்களும்தான். கோயில் தூணில் இன்றைக்கும் பார்சுவநாதரும் மகாவீரரும் இருக்கிறார்கள், பழைய இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் நகரம் என்றால் சந்தை வேண்டும். சந்தை கோட்டாற்றுக் கம்பளத் தெருவில் இருந்தது. விடியக்காலம் அஞ்சு மணிக்கு அங்கே வந்து நின்று பாருங்கள். லாரியிலிருந்து மூட்டை இறங்கும், மிளகாய் வத்தல் நெடி மூக்கில் ஏறும், கணக்குப்பிள்ளை சாக்கின் மேலேயே நோட்டை விரித்து எழுதிக்கொண்டிருப்பார். நான் பிறந்தது அந்தத் தெருவில். எங்களைப் புறநகர் என்று எழுத இவர்களுக்கு எப்படி மனம் வருகிறது?

மேம்பாலம்:
அண்ணாச்சி, உங்க ஊர்ப்பாசம் புரியுது. ஆனா தாலமியை வச்சு இன்னைக்கு வரைபடம் போட முடியாது. நகரம்ங்கிறது ஆட்களும் ஆபீசும் எங்கே போறாங்களோ அங்கே போறது. 1818இல் மீட் பாதிரியார் நாகர்கோவிலுக்குக் குடிவந்தார். அடுத்த ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள பள்ளிக்கூடம், திருவிதாங்கூரின் முதல் அச்சகம், பெண்களுக்கு லேஸ் பின்னுற வேலை எல்லாம் இங்கே வந்தது. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, மணிமேடை, 1920இல் நகராட்சி, 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டத் தலைநகர், 2019இல் மாநகராட்சி. இதுல எந்தப் படியில கோட்டாறு பேரு வந்தது? எல்லாப் படியிலயும் பேரு நாகர்கோவில்தான். அந்தக் கம்பளத்துக்குள்ள இன்னைக்கு ஒரு கார் எதிர்ல வந்தா ஒதுங்க இடமில்லை. வளர்ச்சி மேற்கே, பார்வதிபுரம் தாண்டி சுங்கான்கடை, வில்லுக்குறின்னு போகுது. அதை ஒத்துக்கிடணும்.

இடலாக்குடிக்காரன்:
பேரு வரலையா தம்பி? சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் எந்த ஊர்? இடலாக்குடி. கோட்டாற்றுப் பக்கத்து மண். ஒரே நேரத்துல நூறு விஷயத்தை மனசுல நிறுத்திப் பதில் சொன்ன மனுசன். ஒரு ஊரோட பெருமையை ஆபீஸ் போர்டுல தேடாதீங்க.

கம்பளத்து வீடு:
நன்றி மக்கா. தம்பிக்கு இன்னொன்றும் சொல்கிறேன். 1979இல் திருவனந்தபுரத்திலிருந்து ரயில் வந்தது, 1981இல் திருநெல்வேலிப் பாதை சேர்ந்தது. ஜங்ஷனை எங்கே வைத்தார்கள்? கோட்டாற்றுப் பக்கம். பெயர்ப் பலகையில் நாகர்கோவில், இறங்கி நடந்தால் கோட்டாறு. தேவசகாயம் 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டார், அவர் உடல் அடக்கமான இடம் சவேரியார் கோயில். உலகம் முழுக்க ஆட்கள் தேடி வருவது அங்கேதான். எல்லாப் படியிலும் பேரு நாகர்கோவில் என்றீர்கள், சரி. ஆனால் 1930இல் மறைமாவட்டம் அமைத்தபோது அதற்கு வைத்த பெயர் கோட்டாறு.

பத்துவயல்:
ரெண்டு பேரும் தெருவைப் பிடிச்சுத் தொங்குறிய. நான் தோவாளைப் பக்கம், ரெண்டு பூ, அதாவது ரெண்டு போகம், நெல்லு போடுற குடும்பம். கன்னிப்பூவும் கும்பப்பூவும் இல்லாம இந்த ஊரு வந்திருக்காது. கோட்டாறுக்குச் சந்தை வந்தது நாஞ்சில்நாட்டு நெல்லால. நாஞ்சில்நாட்டு நெல்லு வந்தது பழையாத்தால.

பழையாறு சின்ன ஆறு. சுருளகோட்டுப் பக்கம் தொடங்கி, ஒழுகினசேரிப் பாலத்துக்கு அடியில போயி, சுசீந்திரம் தாண்டி மணக்குடியில கடல்ல விழுது. அதோட சொந்தத் தண்ணி இவ்வளவு வயலுக்கும் காணாது. அதனால பாண்டியன் கால்னு ஒரு வாய்க்கால் வெட்டி, பொன்மனையில இருந்து பறளியாத்துத் தண்ணியைத் திருப்பிப் பழையாத்துல விட்டாங்க. அதாவது மேற்குப் பக்கத்து மலைத்தண்ணி கிழக்குப் பக்கத்து வயலுக்கு வந்தது. பிறகு 1897இல் தொடங்கி 1906இல் முடிச்ச பேச்சிப்பாறை, அதுக்குப் பிறகு பெருஞ்சாணி, இதுகளோட சேர்ந்த தோவாளைக் கால், அனந்தனாறு, புத்தனாறு எல்லாம் அந்த வேலையோட தொடர்ச்சி. கால்ல வந்த தண்ணி குளத்துல நிக்கும். ஒரு குளம் நெறைஞ்சா மறுகால் பாஞ்சு அடுத்த குளத்துக்குப் போகும். செட்டிகுளம், இறச்சகுளம்னு ஊர்ப்பேரைப் பாருங்க. இன்னைக்கு பஸ்ஸுல கண்டக்டர் கூப்பிடுற ஸ்டாப்பு பேருல பாதி குளம்.

இந்த நகரம் வளருதுன்னு சொல்லும்போது எதைத் தின்னு வளருதுன்னும் சொல்லணும். நான்குவழிச் சாலை குளங்களுக்குக் குறுக்கே போயி, அதுக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில வழக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும். எங்க மடைக்குக் கீழ இருந்த வயல்ல பாதி இப்போ கல் நட்டுக் கிடக்கு. மீதிப் பாதிக்குத் தண்ணி வர வழியில்லை. நடுவுல ஒருத்தர் மண்ணைப் போட்டு உசத்திட்டா, அதுக்குக் கீழ இருக்கிறவன் வேணும்னாலும் வேண்டாம்னாலும் விக்கணும்.

மேம்பாலம்:
உங்க வருத்தத்தை நான் லேசா எடுக்கல அண்ணே. ஆனா ஆளுங்க எங்கே இருப்பாங்க? 2011 கணக்குப்படி மாவட்டத்துல 18,70,374 பேர், சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டுலயே நெருக்கமா வாழுற மாவட்டங்கள்ல ஒண்ணு. வடக்கே மலை, காடு, தெற்கே கடல். எங்க அப்பா வளைகுடாவுல இருபத்திரண்டு வருஷம் வெயில்ல நின்னு சம்பாதிச்சு ஏழு சென்ட் வாங்கினார். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி பக்கத்துல இருக்கணும், புள்ளைகளுக்குக் காலேஜ் பக்கத்துல இருக்கணும்னு பார்த்து வாங்கினார். அது தப்பா? நெல்லு போட்டு நஷ்டப்பட்ட ஒருத்தர் வித்தார், நாங்க வாங்கினோம். சுத்தியிருக்கிற பேரூராட்சி, ஊராட்சிகளை முறையா மாநகராட்சியோட சேர்த்து, ரோடும் சாக்கடையும் சேர்த்துப் போட்டா இந்தக் குழப்பமே இருக்காது.

குழித்துறை டீச்சர்:
நான் விளவங்கோட்டுக்காரி, நாப்பது வருசம் பிள்ளைகளுக்குப் பூகோளம் படிப்பிச்சவ. மேற்கே இருந்து ஒரு வார்த்தை.

நீங்க எல்லாரும் நாகர்கோவிலுக்குப் புறநகர் எதுன்னு தேடுறிய. எங்க பக்கம் அந்தக் கேள்வியே பொருந்தாது. கிழக்கே நாஞ்சில்நாடு சமநிலம். கோயிலைச் சுத்தித் தெரு, தெருவைச் சுத்தி வயல், வயல் முடிஞ்சா அடுத்த ஊர். எங்க பக்கம் மேடும் பள்ளமும். மேட்டுல தோட்டம், அதை விளைன்னு சொல்லுவோம். பள்ளத்துல வயல், அது ஏலா. ஒவ்வொரு வீடும் அவங்கவங்க விளைக்குள்ள, மரச்சீனியும் ரப்பரும் தெங்கும் சூழ இருக்கும். ஒரு ஊர் எங்கே முடிஞ்சு அடுத்தது எங்கே தொடங்குதுன்னு களியக்காவிளையில இருந்து தக்கலை வரை பஸ்ஸுல வந்தாலும் சொல்ல முடியாது. 2011 கணக்குல மாவட்டத்துல நூத்துக்கு 82 பேர் நகரத்தில் வாழுறவங்கன்னு வந்தது பேரூராட்சிகளாலதான். வாசல்ல பேரூராட்சிப் பலகை, பின்வாசல்ல பால் வெட்டுற ரப்பர் மரம்.

அதனால ஒரே நகரம் வளர்ந்து பரவுறதா நான் பாக்கல. ரெண்டு விதமான நிலம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுது, சுங்கான்கடைக்கு அந்தாண்ட வேளிமலை அடிவாரத்துல. மேட்டுல வீடு கட்டினா தண்ணி தானா வழிஞ்சு போயிரும். எங்க ஆட்கள் தலைமுறையா அப்படித்தான் கட்டினாங்க. அதே பழக்கத்தைக் கிழக்கே நஞ்சையில கொண்டுபோனா வீடு தண்ணியிலதான் நிக்கும். மேம்பாலம் தம்பி, உங்க பக்கத்து ஊர் பெருவிளை. பேரைக் கேட்டாலே மேட்டுநிலம்னு தெரியுது. உங்க ஏழு சென்ட் விளையா, வயலா? அதைச் சொல்லுங்க முதல்ல.

கம்பளத்து வீடு:
டீச்சர் சொன்ன பிறகு எனக்கும் ஒன்று தோன்றுகிறது. கோட்டாற்றில் எங்கள் பழைய தெருக்கள் குறுகலாக இருப்பதைத் தம்பி குறை சொன்னார். குறுகலாக நெருக்கிக் கட்டியது, வயலைத் தொடாமல் இருக்கத்தான் என்று நினைக்கிறேன். என் தாத்தா வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் சுவர் ஒன்றே. ஆனால் மாநகராட்சியோடு சேர்க்கும் யோசனையில் நான் தம்பி பக்கம். குப்பையும் சாக்கடையும் எல்லை பார்த்து நிற்பதில்லை.

பத்துவயல்:
நான் அதுக்கு எதிர்ப்பு. ஊராட்சியா இருக்கிற வரைக்கும் குளத்தைப் பத்திக் கேக்க ஊர்க்கூட்டத்துல எழும்பி நிக்க முடியும். மாநகராட்சி ஆனா கிராமசபை போயிரும். மனை விலை ரெண்டு மடங்காகும், மிச்ச வயலும் அந்த வருசமே போகும். சுசீந்திரம், தேரூர் குளங்களையும் வேம்பனூர் குளத்தையும் 2022இல் உலக ஈரநிலங்களோட ராம்சர் பட்டியல்ல சேர்த்தாங்க. எந்த நாட்டுல இருந்தெல்லாமோ பறவை வந்து இறங்குது. அந்தக் குளங்களுக்குத் தண்ணி வர்ற கால் நகரத்துக்குள்ள சாக்கடையா ஓடினா, பட்டியல்ல பேரு இருந்து என்ன பிரயோஜனம்?

2021 நவம்பரை மறந்திட்டியளா? பழையாறு கரை புரண்டு, ரயில் தண்டவாளத்துக்கு அடியில மண்ணு போயி, ரயிலே நின்னுது. நான் அன்னைக்கு ராத்திரி மடைப் பலகையைத் தூக்கப் போனேன். கழுத்தளவு தண்ணி. பலகை எங்க இருக்குன்னே தெரியல, காலால தடவித்தான் கண்டுபிடிச்சேன்.

மேம்பாலம்:
டீச்சர் கேட்ட கேள்விக்கு ராத்திரி முழுக்க உக்காந்து மூலப் பத்திரத்தைப் படிச்சேன். இதுவரை அந்தப் பக்கத்தை யாரும் வீட்டுல படிச்சதில்லை, பேங்குல கொடுத்து வாங்கினதோட சரி. நான்கெல்லை இப்படி இருக்கு: கிழக்கே இன்னார் புரையிடம் (வீட்டுமனை), தெற்கே பாதை, மேற்கே நஞ்சை, வடக்கே கால் புறம்போக்கு. நாலாவது வரியை ரெண்டு மூணு தடவை படிச்சேன். எங்க வீட்டுக்கு வடக்கே இப்போ காம்பவுண்டு சுவர் இருக்கு, சுவருக்கு அந்தாண்ட இன்னொரு வீடு இருக்கு. கால் இல்லை.

ஆனா ஒவ்வொரு ஐப்பசியிலயும் அந்தச் சுவரோட அடிப்பாகம் நனையும். அரையடி உயரத்துக்குப் பாசி கோடு போட்ட மாதிரி நிக்கும். பெயிண்ட் தரமில்லைன்னு மூணு தடவை மாத்தினோம். அம்மா கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல.

நகரம் மேற்கே வளரும்னு சொன்னதை நான் திரும்ப வாங்கல. எங்களை மாதிரி ஆட்கள் எங்கேயாவது இருந்தாகணும். ஆனா மாநகராட்சியோட சேர்க்கிறதுக்கு முன்னாடி கால், குளம் புறம்போக்கு எல்லாத்தையும் அளந்து கல் போடணும். அதுக்குப் பிறகுதான் ரோடு. இதுல பத்துவயல் அண்ணனோட நிக்கிறேன். ஞாயித்துக்கிழமை லீவு. அந்தக் கால் எங்கே தொடங்கி எங்கே போச்சுன்னு நடந்து பாத்துட்டுப் படம் போடுறேன்.

பத்துவயல்:
நல்லது தம்பி. மேலே பாக்கணும்னா அனந்தனாற்றுக் கரையைப் பிடிச்சு வாங்க, எங்கயாவது பழைய கருங்கல் மடை தெரியும், அதுல பலகை போடுற காடி இருக்கும். அங்கிருந்து இறக்கமா நடங்க. நடுவுல வீடு மறிச்சா சுத்திப் போங்க, ஆனா திசையை விடாதீங்க. அந்தச் சுவர்ல நிக்கிற பாசிக்கோட்டையும் ஒரு படம் எடுத்துப் போடுங்க.

குழித்துறை டீச்சர்:
கையில ஒரு பழைய கிராம வரைபடம் எடுத்துக்கிடுங்க மக்களே. தாலுகா ஆபீஸ்ல மனு குடுத்தா நகல் கிடைக்கும். அதுல கால் ரெட்டைக் கோடா இருக்கும்.