17 மீட்டர் உயர லாட்ஜுக்கு ஸ்பிரிங்க்ளர்: மேல்நிலைத் தொட்டி நீரே போதுமா?

கேட்டவர்: தளப் பொறியாளர், கன்னியாகுமரி

அனைவருக்கும் வணக்கம். கன்னியாகுமரியில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு லாட்ஜ் கட்டி வருகிறோம். நிலவறையில் வாகன நிறுத்தம், தரைத்தளத்தில் வரவேற்பறையும் உணவகமும், அதன்மேல் நான்கு மாடிகளில் அறைகள் என்று அமைந்த அந்தக் கட்டடத்தின் உயரம் 17 மீட்டர். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்மாடிக் கட்டடம் என்பதால் ஸ்பிரிங்க்ளரே (தீயின் வெப்பத்தில் தானே திறந்து நீர் தெளிக்கும் அமைப்பு) தேவையில்லை என்கிறார் உரிமையாளர். ஆனால் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதி 15 மீட்டரிலிருந்தே உயர்மாடி என்று கணக்கிடுகிறது. வரைபடக்காரர் ஒரு சமரசமாக எல்லாத் தளங்களிலும் ஸ்பிரிங்க்ளர் தலைகளை (நீர் தெளிக்கும் முனைகளை) குறித்துவிட்டு, மொட்டைமாடியில் உள்ள 10,000 லிட்டர் தொட்டியிலிருந்தே குழாயை இறக்கிவிடலாம் என்கிறார். அவ்வாறு செய்வது சரியா? போர்வெல் நீர் உப்பாக இருப்பதையும் கருத்தில் கொண்டு வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1: குழாய் நீரியல் கணக்கு பார்ப்பவர், நாகர்கோவில்

தம்பி, வரைபடத்தில் தலைகளைக் குறித்துவிடுவது வடிவமைப்பு ஆகாது. தொட்டியிலிருந்து தொடங்கிக் கீழே வராமல், நீர் சென்று சேர்வதற்கு மிகக் கடினமான இடத்தில் இருக்கும் தலையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வந்தால்தான் கணக்கு உண்மையைச் சொல்லும். உங்கள் கட்டடத்தில் அது நான்காம் மாடியில், செங்குத்துக் குழாயிலிருந்து மிகத் தொலைவில் உள்ள அறையின் தலை.

ஒரு தலையிலிருந்து வெளிவரும் நீரின் அளவு, அதன் கே எண்ணை அழுத்தத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கிடைக்கும். வழக்கமாகப் பொருத்தப்படும் தலையின் கே எண் 80. அதாவது 1 பார் அழுத்தத்தில் அது நிமிடத்துக்கு 80 லிட்டர் தரும். விடுதி அறைகள் குறைந்த ஆபத்து வகையைச் சேர்ந்தவை. அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் ஸ்பிரிங்க்ளர் தரநிலையான என்எஃப்பிஏ 13-இன்படி அங்கே சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 4.1 லிட்டர் விழ வேண்டும். ஒரு தலை 14 சதுர மீட்டரைக் காக்கிறது என்று கொண்டால் அதற்கு 57 லிட்டர் தேவை. அந்த அளவு கிடைக்க அத்தலையில் சுமார் 0.5 பார் இருக்க வேண்டும். 0.5 பார் என்பது ஏறத்தாழ 5 மீட்டர் உயர நீர். உங்கள் தொட்டியின் அடித்தளம் மொட்டைமாடியிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நீர் 1.5 மீட்டர் நிற்கிறது என்று வைத்துக்கொண்டாலும், தொட்டி நிரம்பியுள்ள நேரத்தில்கூட 3.5 மீட்டர்தான் கிடைக்கும். குழாய் உராய்வைக் கழிக்காமலே நிமிடத்துக்கு 47 லிட்டருக்கு மேல் வராது. தொட்டி வற்ற வற்ற அதுவும் குறையும். ஆகவே மிக உயரத்தில் உறங்கும் பயணிக்குத்தான் மிகக் குறைந்த பாதுகாப்பு கிடைக்கும். இதை எந்த வகையிலும் ஏற்க முடியாது.

அடுத்தது நீரின் அளவு. இங்கே உங்களுக்குச் சவாலாக இருப்பது அறைகள் அல்ல, நிலவறைதான். இன்றைய கார்களில் பிளாஸ்டிக் மிகுதியாக இருப்பதைக் கருதி, என்எஃப்பிஏ 13-இன் 2022 பதிப்பு வாகன நிறுத்தத்தை நடுத்தர ஆபத்தின் முதற்பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு உயர்த்திவிட்டது. அதன்படி, தலைகள் ஒரே நேரத்தில் திறப்பதாகக் கணக்கில் கொள்ளும் 139 சதுர மீட்டர் பரப்பில் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 8.1 லிட்டர் என்றால் 1,126 லிட்டர். நீர் வந்து சேரும் பக்கம் உள்ள தலைகள் தேவைக்கு மேல் கொட்டும் என்பதால் 1,250 லிட்டர் என்று வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் 10,000 லிட்டர் எட்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரு மணி நேரம் ஓட 75,000 லிட்டர் வேண்டும். குழாய்ச்சுருள் (கையால் இழுத்துத் தீயணைக்கும் சுருள்குழாய்), ஹைட்ரண்ட் (தீயணைப்பு வீரர்கள் குழாயை இணைக்கும் வாய்) ஆகியவற்றுக்கான நீர் இதற்கு மேல் தனி. எனவே நிலத்தடித் தொட்டியும் பம்பும் தவிர்க்க முடியாதவை.

பம்பைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு புள்ளிகளைச் சோதியுங்கள். நிலவறைக்கு நீர் மிகுதியாகவும் உயரம் குறைவாகவும் வேண்டும். நான்காம் மாடிக்கு நீர் குறைவு, ஆனால் தொட்டியின் அடியிலிருந்து சுமார் 20 மீட்டர் ஏற வேண்டும். ஒன்றுக்கு மட்டும் பார்த்து வாங்கினால் மற்றொன்று கைவிட்டுவிடும். தீயணைப்புப் பம்பு, குறித்த அளவைப் போல ஒன்றரை மடங்கு நீர் தரும்போதும் தன் குறித்த அழுத்தத்தில் குறைந்தது 65 விழுக்காட்டைத் தர வேண்டும் என்பதையும் விலைப்பட்டியல் கேட்கும்போதே எழுதிக் கேளுங்கள். நிலவறையில் கே 80-க்குப் பதிலாகக் கே 115 தலைகளைப் போட்டால், 12 சதுர மீட்டருக்குத் தேவையான 97 லிட்டர், 1.5 பாருக்குப் பதிலாக 0.7 பாரிலேயே வந்துவிடும்.

பதில் 2: தீயணைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், தக்கலை

18.30 மீட்டர், 15 மீட்டர் ஆகிய இரண்டு எண்களும் வெவ்வேறு ஆவணங்களின் வரையறைகள். ஒன்றைக் காட்டி மற்றொன்றிலிருந்து தப்பிக்கும் வாதத்தை நான் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். அந்த வாதத்தால் எவரும் உயிர் பிழைத்ததில்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பின் ஏழாம் அட்டவணை உயரத்தை மட்டும் பார்ப்பதில்லை. பயன்பாட்டையும் தளப்பரப்பையும் சேர்த்தே பார்க்கிறது. நிலவறை 200 சதுர மீட்டரைத் தாண்டினால் அங்கே ஸ்பிரிங்க்ளர் வேண்டும் என்கிறது. வரைபடத்தையும் நீர்க் கணக்கையும் எடுத்துக்கொண்டு, அடித்தளம் போடும் முன்பே மாவட்டத் தீயணைப்பு அலுவலகத்துக்குச் சென்று, அவர்கள் கேட்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். நிலத்தடித் தொட்டிக்கு இடம் விடாமல் கட்டி முடித்த பின்னர் வருந்துவோரே மிகுதி.

என் அனுபவத்தில் மிக முக்கியமானதாக நான் கருதுவது மின்சாரம். தீ என்றதும் யாரோ ஒருவர் ஓடிப்போய்ப் பிரதான சுவிட்சை அணைப்பார். அது சரியான செயலும்கூட. ஆனால் பம்புக்கான இணைப்பு அந்தச் சுவிட்சுக்குப் பின்னாலிருந்து எடுக்கப்பட்டிருந்தால், அந்தக் கணமே பம்பும் நின்றுவிடும். ஆகையால் பம்புக்கான மின்கம்பி பிரதான சுவிட்சுக்கு முன்னாலேயே தனியாகப் பிரிய வேண்டும். டீசல் பம்பு ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் எத்தனை நாட்கள் மின்சாரம் இல்லாமல் இருந்தோம் என்பது உங்கள் உரிமையாளருக்கும் நினைவிருக்கும். லாட்ஜில் பயணிகள் தங்கியிருக்கும் ஒவ்வோர் இரவிலும் பம்பு இயங்கும் நிலையில் இருந்தாக வேண்டும்.

பதில் 3: குழாய்ப் பணி ஒப்பந்ததாரர், மார்த்தாண்டம்

பொறியாளர் அவர்களுக்கு, உப்பு நீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நிலத்தடித் தொட்டியைப் போர்வெல் நீரால் நிரப்ப வேண்டாம்; முதல் நிரப்புதலுக்கு லாரியில் நல்ல தண்ணீர் வாங்குவது வீண் செலவு அல்ல. குழாய்க்குள் நீர் நிற்பதைவிட, மேல்முனையில் சிக்கிக்கொள்ளும் காற்றுதான் அரிப்பை வளர்க்கிறது. அதனால் ஒவ்வொரு தளத்தின் உயரமான முனையிலும் காற்று வெளியேற ஒரு வால்வு வையுங்கள். காரணமின்றி அடிக்கடி நீரை வடித்து மீண்டும் நிரப்ப விடாதீர்கள். கடல் பார்த்த திறந்த தாழ்வாரங்களில் அரிப்பைத் தாங்கும் பூச்சோடு தொழிற்சாலையிலிருந்தே வரும் தலைகளை வாங்குங்கள்.

மற்றொன்று, பெயின்டரும் ஃபால்ஸ் சீலிங் வேலை செய்பவரும். நான் வேலை செய்த ஓர் இடத்தில், நாங்கள் சோதனை முடித்துக் கொடுத்த இரண்டு மாதத்தில், நிறம் பொருந்த வேண்டும் என்று எல்லாத் தலைகளின் மீதும் பெயின்ட் அடித்துவிட்டார்கள். தலையை அடைத்து நின்று, 68 டிகிரியில் உடைந்து நீருக்கு வழிவிட வேண்டிய சிவப்புக் கண்ணாடிக் குமிழுக்கு வெப்பம் தாமதமாகவே சேரும் நிலை உண்டானது. பெயின்ட் பட்ட தலையைச் சுரண்டித் துடைத்துப் பயன்படுத்தக் கூடாது, மாற்றத்தான் வேண்டும், அத்தனையையும் மாற்றினோம். அறைகளில் அலமாரியின் உச்சிக்கும் தலைக்கும் இடையே குறைந்தது 46 செ.மீ. இருக்க வேண்டும் என்பதை மரவேலைக்காரருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நாகர்கோவில் அக்கா முதல் பதிலில் காட்டிய 47 லிட்டர் கணக்கை உரிமையாளர் முன் வைத்தேன்; அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, வாகனச் சரிவுப் பாதையின் அடியில் நிலத்தடித் தொட்டிக்கு இடம் ஒதுக்கச் சம்மதித்தார். ஆனால் அதே தொட்டியிலிருந்தே அறைகளுக்கும் தண்ணீர் ஏற்ற வேண்டும் என்கிறார். அதற்கு வழி உண்டா? உணவகச் சமையலறையில் எந்தத் தலை போட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

பதில் 1: குழாய் நீரியல் கணக்கு பார்ப்பவர், நாகர்கோவில்

வழி உண்டு. தீயணைப்புப் பம்பின் உறிஞ்சுகுழாய் தொட்டியின் அடியில் இருக்கட்டும்; அறைகளுக்கு நீர் ஏற்றும் பம்பின் குழாயை, 75,000 லிட்டரும் அதோடு ஹைட்ரண்டுக்கான நீரும் எஞ்சி நிற்கும் மட்டத்துக்கு மேல் வையுங்கள். விடுமுறைக் கூட்டத்தில் அறைகளுக்கு நீர் தீர்ந்தாலும் தீக்கான நீரை எவராலும் தொட முடியாது. ஒரு வால்வை மூடி வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னால் ஏற்காதீர்கள். குழாயின் உயரமே காவலாக இருக்க வேண்டும். அன்றாடம் நீர் மாறிக்கொண்டிருப்பதால், மேலே சொன்ன உப்பு நீர் தொட்டிக்குள் வராதபடி அறைகளுக்கும் நல்ல நீரையே பயன்படுத்த வேண்டியிருக்கும். இதையும் உரிமையாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சமையலறையில் அடுப்பிலிருந்து விலகிய பகுதிக்கு 93 டிகிரியில் உடையும் பச்சைக் குமிழ் பொருந்தும். இன்னும் சூடான இடத்துக்கு 141 டிகிரி நீலக் குமிழ் இருக்கிறது. எண்ணெய்ச் சட்டிகளுக்கு மேலுள்ள புகைக்கூண்டுக்கு நீர் ஆகாது, அதற்கு ஈர வேதிப்பொருள் அணைப்பு அமைப்பைத் தனியாக வைக்க வேண்டும். குழாய்கள் முழுதும் பொருத்தி முடிந்ததும், ஃபால்ஸ் சீலிங் மூடுவதற்கு முன், 13.8 பார் அழுத்தத்தில் இரண்டு மணி நேரம் நிறுத்திச் சோதித்துவிட்டு எனக்கு அளவீடுகளை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.