வைல்ஸ் தனியாகத்தான் முடித்தாரா?

பகாஎண்: "கணித ஆராய்ச்சி தனி ஆள் வேலை, ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை வைல்ஸ் தனியாகவே முடித்தார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எரிச்சலாக இருக்கிறது. முந்நூற்றைம்பது ஆண்டுகளாக யாராலும் நிரூபிக்க முடியாதிருந்த அந்தத் தேற்றத்துக்கு ஆண்ட்ரூ வைல்ஸ் 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் அறிவித்த நிரூபணத்தில் ஓட்டை இருந்தது. அதை அடைக்க அவரோடு உட்கார்ந்தவர் அவருடைய முன்னாள் மாணவர் ரிச்சர்ட் டெய்லர். 1995இல் வந்தது இரண்டு கட்டுரைகள், இரண்டாவதில் டெய்லர் பெயரும் இருக்கிறது. எங்கே தனியாக?

முடிவிலி: எழுதியது நான்தான். 1986இலிருந்து ஏழு வருடம் வெளியே மூச்சு விடாமல் உழைத்தது டெய்லரா? முதன்மைக் கட்டுரையில் ஒரே பெயர். தனியாகத்தான்.

பகாஎண்: மூச்சு விடவில்லையா? 1993 தொடக்கத்திலேயே சக பேராசிரியர் நிக் காட்ஸிடம் சொல்லிவிட்டார். சரிபார்ப்பதற்காகவே ஒரு வகுப்பு நடத்தினார்கள், விஷயம் தெரியாத மாணவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடைசியில் காட்ஸ் மட்டும்தான் உட்கார்ந்திருந்தார். பிறகு ஓட்டையைக் கண்டுபிடித்ததும் அவரேதான். சரி, டெய்லர் பெயர் இருக்கிறதா இல்லையா?

சுடர்: கணிதவியலாளர் கென் ரிபெட்டை ஏன் இருவரும் மறந்துவிட்டீர்கள்? வேறொரு ஊகத்தை நிரூபித்தால் ஃபெர்மாவின் தேற்றமும் தானே வந்துவிடும் என்ற இணைப்பை 1986இல் அவர் நிரூபித்த பிறகுதானே வைல்ஸ் இதில் இறங்கினார்.

முடிவிலி: அப்படியானால் யூக்ளிடுக்கும் பங்கு கொடுத்துவிடலாம். டெய்லர் வந்தது 1994 ஜனவரியில். செப்டம்பரில் வழி தோன்றியது வைல்ஸுக்கு. டெய்லர் பெயர் முன்னால் இருப்பதால் மயங்கிவிட்டீர்கள் போல, கணிதத்தில் பெயர்களை அகர வரிசையில் போடுவார்கள் ஐயா.

பகாஎண்: எனக்கே அகர வரிசைப் பாடமா? வரிசையைப் பற்றி நான் பேசவே இல்லை. புவன்கரே ஊகம் என்ற பழைய கணிதப் புதிரை நிரூபித்த பெரல்மானைப் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் நழுவினீர்கள். 2010இல் அதற்கான பத்து லட்சம் டாலர் பரிசை மறுத்தபோது, அதற்கு வழி போட்டுக் கொடுத்த ஹாமில்டனின் பங்கு தன்னுடையதற்குக் குறைந்ததல்ல என்று அவரே சொன்னார். அந்த மனசு அவருக்கு இருந்தது, அவர் ரசிகர்களுக்குத்தான் இல்லை.

முடிவிலி: அந்த விவாதத்தில் பாதியில் காணாமல் போனது நீங்கள்.

சுடர்: கட்டுரை அச்சாகும் முன் அதைச் சரிபார்க்கும் நடுவர்களைப் பற்றி யாராவது பேசுங்களேன். அடுத்தவர் நிரூபணத்தை வரிவரியாக மாதக்கணக்கில் படிக்கிறார்கள், பெரும்பாலும் பெயர்கூட வெளியே வருவதில்லை.

முடிவிலி: அதற்குத் தனி இழை தொடங்குங்கள் சுடர்.

பகாஎண்: ஏன், இங்கேயே பேசட்டும். காட்ஸும் அந்த நடுவர்களில் ஒருவர்தான், அவர் கேள்வி கேட்காமல் இருந்திருந்தால் ஓட்டையோடு அச்சாகியிருக்கும். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. இரண்டாவது கட்டுரையில் டெய்லர் பெயர் இருக்கிறதா, இல்லையா?

முடிவிலி: முதல் கட்டுரையில் இருக்கிறதா?