கபோய்ராவும் கலுங்காவும்: தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. ஒன்றரை வருடமாகக் கபோய்ரா அங்கோலா பழகுகிறேன் (கபோய்ரா என்பது பாட்டும் வாத்தியமும் சேர்ந்த பிரேசில் நாட்டுச் சண்டைக்கலை; 'அங்கோலா' அதில் ஒரு பாணி). தலைகீழாகக் கையூன்றி உதைப்பதை வெறும் வித்தை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மத்திய ஆப்பிரிக்காவின் காங்கோ மக்களின் நம்பிக்கையில் உயிரோடிருப்பவர்களையும் முன்னோர்களையும் 'கலுங்கா' என்ற நீர்ப்பரப்பு பிரிக்கிறது. அக்கரையில் எல்லாமே தலைகீழ். அப்படிக் கவிழ்ந்து நிற்பது முன்னோர்களின் பலத்தை வாங்கிக்கொள்வது என்று ஆய்வாளர் டெஷ் ஓபி விளக்குகிறார். தெற்கு அங்கோலாவின் எங்கோலோ என்ற சண்டை ஆட்டத்திலும் இதே உதைகள் உண்டு. (கபோய்ராவின் வேர் அதுதானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை, அது தனிக்கதை.)

என் சந்தேகம் இதுதான்: ஆட்ட வட்டத்துக்குள் இறங்குமுன் பெரிம்பாவ் என்ற வில் வடிவ வாத்தியத்தின் காலடியில் குந்தித் தரையைத் தொடுகிறோமே, அதுவும் கலுங்காவோடு சேர்ந்ததா? மாஸ்டரிடம் கேட்டால், "முதலில் முழங்காலை ஒழுங்காக மடக்கு" என்கிறார்! போர்ச்சுகீசியம் தெரிந்தவர்கள், கபோய்ரா பாடல்களில் 'கலுங்கா' வரும் வரிகளுக்குப் பொருள் சொன்னால் பெரிய உதவி.